விலகலும் விலக்கலும்

கடித இலக்கியம் என்றதும் நம் நினைவுக்கு வருவன சில. சிறையிலிருந்து நேரு தம் மகளுக்கு எழுதியவை. தம்பிக்கும் தங்கைக்கும் அன்னைக்கும் என்று டாக்டர் மு.வ. எழுதியவை. கல்லூரியிலே படித்தோம், தேர்விலே வினாவாக வந்தது, விடை எழுதினோம், வெளியே வந்தோம். வந்த பிறகுதான் தெரிந்தது, எந்தப் பாடத்திட்டத்திலும் இடம் பெறாத கடித இலக்கியம் ஒன்று நாட்டிலே நாள்தோறும் வளர்ந்துகொண்டிருக்கிறதென்று! ஆசிரியர் பெயர் அதில் இராது. படிப்பவரோ ஆயிரக்கணக்கானோர். படித்து முடித்தவர்களுக்கு அன்றிரவு உறக்கம் வருவதில்லை.

கண்ணாடியாலே சுவர் எழுப்பி வாழும் பெருநிறுவனங்கள் தம் ஊழியர்க்கு விடுக்கும் மடல்களைத்தான் சொல்கிறேன். 'வா' என்று அழைக்கும் மடல் ஒன்று; 'உன் தரம் இன்னது' என்று அளக்கும் மடல் ஒன்று; 'போ' என்று சொல்லாமலே போகச் செய்யும் மடல் ஒன்று. மூன்று காண்டம் கொண்ட இந்தக் காப்பியத்துக்கு உரையாசிரியர் வேண்டாமா? ஆங்கிலத்தில் எழுதப்படுவதைத் தமிழ் படித்தவன் ஆராயலாமோ என்று கேட்பீர்கள். எழுதுகிற மொழி ஆங்கிலம். படித்துவிட்டு அழுகிற மொழி தமிழாயிற்றே!

நான் வாழ்வது கீழவாஞ்சூரில். காரைக்கால் பகுதியின் தென்கோடி. எட்டி நடந்தால் நாகூர், அதாவது தமிழ்நாடு. ஒருபுறம் கடல், ஒருபுறம் வயல், 2009 முதல் துறைமுகம். இந்தச் சின்னஞ்சிறு ஊரிலும் சுற்றுப்புறத்திலும் வலை இழுத்தவர் மகனும், நாற்று நட்டவள் மகளும் பட்டம் பெற்றுச் சென்னைக்குப் போகிறார்கள். சிறுசேரி என்கிறார்கள், தரமணி என்கிறார்கள். போகும்போது ஊரே வழியனுப்புகிறது. திரும்பி வரும்போது யாருக்கும் தெரியாமல் இரவுப் பேருந்தில் வருகிறார்கள். 'விடுமுறையா தம்பி?' என்று கேட்டால், 'ஆமாம் ஐயா' என்பார்கள். ஒரு மாதம் கழித்தும் அதே விடுமுறைதான்! அப்படிச் சிலர் என்னிடம் காட்டிய மடல்களைப் படித்த பின்னரே இதனை எழுதத் துணிந்தேன்.

முதற்காண்டத்தின் தலையாய சொல், 'குடும்பம்'. 'எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று தொடங்குகிறது. எவ்வளவு இனிமையான சொல்! ஆனால், எந்தக் குடும்பத்திலே மகனுக்குத் தகுதிகாண் பருவம் உண்டு? மகன் வீட்டைவிட்டுப் போக மூன்று மாத முன்னறிவிப்பு தரவேண்டும், தந்தையோ ஒரு மாதக் கூலியைக் கையில் வைத்து அன்றே அனுப்பிவிடலாம் என்ற விதி எந்த வீட்டிலே உண்டு? குடும்பம் என்ற சொல்லை வாசலிலே தோரணமாகக் கட்டிவிட்டு, உள்ளே வாடகை ஒப்பந்தம் எழுதுகிறார்கள். அந்தத் தோரணத்துக்குத்தான் நாம் மயங்குகிறோம். பண்ணையாரும் அன்று 'நீயும் என் பிள்ளை மாதிரிதானடா' என்றுதான் சொல்லி வந்தார். தஞ்சைத் தரணியில் பிறந்தவருக்கு அந்தச் சொல்லின் பொருள் விளங்காமற் போகாது.

'வா' என்ற மடல் கிடைத்தவுடன் வேலை கிடைத்துவிட்டது என்றும் எண்ணிவிடக் கூடாது. 2022இல் படித்து முடித்த மாணவர்க்கு இன்ஃபோசிஸ் நிறுவனம் அழைப்பு மடல் கொடுத்தது. அவர்களுள் பலர் பணியிற் சேர்ந்தது 2024இன் பிற்பகுதியில். இரண்டாண்டு காத்திருந்து மைசூர்ப் பயிற்சி நிலையம் சென்றவருள் 300க்கும் மேற்பட்டோர், உள்தேர்வில் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் வெளியே அனுப்பப்பட்டனர். தேர்வு வைப்பது தவறன்று, நானும் வைக்கிறேன். ஆனால், இரண்டாண்டு காக்க வைத்த பள்ளி, தோற்றவனை அன்று மாலையே வாசலுக்கு வெளியே நிறுத்துமானால், ஊரார் அந்தப் பள்ளியைப் பள்ளி என்பார்களா?

இரண்டாம் காண்டம் தரப்படுத்தும் காண்டம். இதிலே ஒரு வளைவு வருகிறது. மணியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற வளைவு. ஒரு குழுவில் இத்தனை விழுக்காடு பேர் சிறந்தோர், இத்தனை பேர் நடுத்தரம், இத்தனை பேர் கடைத்தரம் என்று முன்னதாகவே பங்கீடு செய்துவிட்டுப் பிறகு ஆளைத் தேடுகிறார்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத் தலைவராக இருந்த ஜாக் வெல்ச், ஆண்டுதோறும் அடிமட்டத்துப் பத்து விழுக்காட்டினரைக் கழித்துவிட வேண்டும் என்ற கொள்கையைப் பரப்பினார். அவரைக் கண்டு மற்றவர் பின்பற்றினர். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2013இல் இந்த முறையைக் கைவிட்டது. கைவிட்டவர் கைவிட, நம் நாட்டிலே பிடித்தவர் பலர் இன்னும் பிடித்த பிடியை விடவில்லை.

வாத்தியார் தொழிலை வைத்தே இதனைச் சொல்கிறேன். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நாற்பது பேரும் நன்றாக எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அப்படி இருக்க முடியாது. நால்வரைத் தவறச் செய்' என்று தலைமையாசிரியர் சொன்னால் நான் என்ன செய்வேன்? எந்த நால்வர்? கையெழுத்துக் கோணலானவனா? என்னைக் கண்டு வணக்கம் சொல்லாதவனா? பேறுகால விடுப்பில் இருந்துவிட்டு வந்தவளா? குற்றம் இல்லாத இடத்தில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டியவன், எளியவனைத்தான் பிடிப்பான். பல்லாயிரம் பேரை எவ்விதத் தேர்வுமின்றித் திரட்டி அளந்தால் அந்த மணிவளைவு தோன்றலாம். ஊரிலுள்ள பிள்ளைகளிற் பொறுக்கி, வடிகட்டி, மறுபடியும் வடிகட்டி எடுத்த பத்துப் பேரிடம் அதைத் தேடுவது கணக்கு ஆகாது. கணக்கின் பெயரால் நடக்கும் கட்டப்பஞ்சாயத்து.

இந்தக் காண்டத்திலே 'பெஞ்ச்' என்றொரு சொல்லும் வருகிறது. பள்ளியில் பெஞ்சின்மேல் நிற்க வைத்தால் தண்டனை. அங்கே பெஞ்சில் உட்கார வைத்தால் தண்டனை! ஒரு வேலை முடிந்து மறுவேலை ஒதுக்கப்படும்வரை ஊழியர் காத்திருக்கும் காலத்துக்கு அந்தப் பெயர். 2025 சூனில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் ஒரு விதி வகுத்தது. ஆண்டுக்கு 225 நாள், வாடிக்கையாளரிடம் கட்டணம் பெறத்தக்க பணியில் ஊழியர் இருக்க வேண்டும். பெஞ்சுக் காலம் 35 நாளைத் தாண்டக் கூடாது. வேலையைக் கொண்டு வருவது யார்? நிறுவனம். வேலையைப் பங்கிடுவது யார்? மேலாளர். வேலை வராவிட்டால் குற்றம் யாருடையது? காத்திருந்தவனுடையது! மழை பெய்யாத ஆண்டில் உழவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போல.

அடுத்த மாதமே, 2025 சூலையில், அதே நிறுவனம் தன் ஊழியருள் ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டினரை, அதாவது பன்னிரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரை, அந்த நிதியாண்டுக்குள் குறைக்கப்போவதாக அறிவித்தது. இடைநிலையிலும் மேல்நிலையிலும் இருப்போரே பெரும்பாலும் என்றார்கள். காரணம், செயற்கை நுண்ணறிவு அன்றாம், திறன் பொருந்தாமையாம். பதினைந்து ஆண்டு பொருந்திய திறன் பதினாறாம் ஆண்டில் எப்படிப் பொருந்தாமற் போயிற்று? பொருந்தச் செய்ய வேண்டிய கடமை எவருக்கு? இந்த வினாக்களுக்கு அந்தச் சொற்றொடரில் இடமில்லை. பொருந்தாமை என்பது எழுவாயில்லாத சொல். யாரும் செய்யாமல் தானே நிகழ்வது, பனி பெய்வது போல!

இனி மூன்றாம் காண்டம். இங்கேதான் இலக்கணம் வேலை செய்கிறது.

தன்வினை, பிறவினை என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லித் தருகிறோம். அடங்கு – தன்வினை. அடக்கு – பிறவினை. உருகு, உருக்கு. திருந்து, திருத்து. அந்த வரிசையில் ஒன்று: விலகு, விலக்கு. விலகினான் என்றால் தானே போனான். விலக்கினான் என்றால் பிறர் போக்கினார். எழுத்திலே பார்த்தால் ஓர் ஒற்று. வாழ்க்கையிலே பார்த்தால் ஒரு குடும்பத்தின் சோறு.

எப்படி என்று கேளுங்கள். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், ஓராண்டு தொடர்ந்து உழைத்த தொழிலாளியை ஆட்குறைப்பிலே விலக்குவதானால் சில கட்டுப்பாடுகளை விதித்தது. ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கீடான ஊதியம்; பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு; அரசுக்குத் தகவல்; ஒரே வகைப் பணியில் கடைசியில் வந்தவர் முதலில் போதல் என்ற முறை. பத்தாண்டு உழைத்தவருக்குக் கணக்குப் போட்டால் 150 நாள் ஊதியம், ஐந்து மாதம். இவையெல்லாம் விலக்கப்பட்டவருக்கு. தாமே விலகியவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆகவேதான் 'உன்னை விலக்குகிறோம்' என்று எழுத எவரும் விரும்புவதில்லை. அறைக்கு அழைக்கிறார்கள். தண்ணீர் கொடுக்கிறார்கள். 'நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் எதிர்காலத்துக்கு நல்லது. இல்லாவிட்டால் அடுத்த நிறுவனம் கேட்கும்போது நாங்கள் வேறுவிதமாகச் சொல்ல நேரும்' என்கிறார்கள். குரல் உயர்வதில்லை. முகத்தில் கடுமை இல்லை. எழுதிய மடல் அச்சிட்டு ஆயத்தமாக இருக்கிறது. கையொப்பம் ஒன்றே குறை. 'சொந்தக் காரணங்களால்' என்று அதில் எழுதியிருக்கும். யாருடைய சொந்தக் காரணம்?

சில நிறுவனங்கள் சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகவே பணம் கொடுத்து அனுப்புகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறைப்பது திறனாய்வுக்கு அழகன்று. ஆனால், கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் அருளும், கேட்டுப் பெறும் உரிமையும் ஒன்றல்ல. இதை நம் இயக்கத்து ஏடுகளைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

'நீங்கள் தொழிலாளி அல்லீர், மேலாளர், சட்டம் உமக்குப் பொருந்தாது' என்பது அடுத்த கணை. அதற்காகவே பட்டங்கள் வழங்கப்பட்டிருக்கின்றன. குழுத் தலைவர், முதுநிலைப் பங்காளர், துணை மேலாளர்! ஆதாயத்திலே பங்கில்லாத பங்காளர். எவரையும் மேலாண்மை செய்யாத மேலாளர். வழக்குமன்றங்கள் பட்டத்தைப் பார்ப்பதில்லை, செய்த பணியைப் பார்க்கின்றன என்பது நெடுங்காலமாக நிலைபெற்ற நெறி. அதை அறிந்தவர் சிலர். போராடியவர் மிகச் சிலர். 2014ஆம் ஆண்டின் இறுதியில் டாட்டா கன்சல்டன்சியில் ஆட்குறைப்புப் புயல் எழுந்தபோது, கருவுற்றிருந்த ஒரு பெண் ஊழியர் சென்னை உயர்நீதிமன்றத்தின் படியேறினார். 2015 சனவரியில் அவரது பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. பின்னர் அந்த ஆணையை நிறுவனமே திரும்பப் பெற்றது. படியேறாத மற்றவர் கதை என்னவாயிற்று? விலகினார் என்ற ஏட்டிலே அவர்கள் பெயர் இருக்கும்.

மடலே வராதவர்களும் அதே மாளிகையில் உண்டு. காலையில் கண்ணாடியைத் துடைப்பவள், வாயிலில் நின்று வணக்கம் வைப்பவர், உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவுபவர். இவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். இவர்களுக்கு 'நாளை முதல் வரவேண்டாம்' என்பது வாய்ச்சொல். காப்பியத்திலே பெயரில்லாத பாத்திரங்கள். மென்பொருள் இளைஞன் தன் அட்டையை இழந்த அன்றுதான், தினமும் தனக்குக் கதவு திறந்தவர் எப்படி வாழ்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கிறான். அதற்கு முன்பே எண்ணியிருந்தால் இருவருக்கும் நன்மை விளைந்திருக்கும்.

இந்த மண்ணில் இருந்துகொண்டு இதைப் பேசுகையில் 1936 நினைவுக்கு வராமற் போகாது. அப்போது காரைக்கால், புதுச்சேரியோடு சேர்ந்து பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. 1954 வரை அப்படித்தான். 1936 சூலை 30ஆம் நாள், புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சுக் காவற்படை சுட்டது. பன்னிருவர் மாண்டனர். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் விளைவாக எட்டு மணி நேர வேலைநாள் பிரெஞ்சு இந்தியாவில் சட்டமாயிற்று. அந்நாளில் எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் ஆண்ட நாகூர்ப் பக்கம், 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை வாங்கலாம்! ஒரே வெயில், ஒரே மொழி, ஒரே கடற்காற்று. ஒரு வரப்பைத் தாண்டினால் இரண்டு மணி நேரம் வேறுபாடு. அந்த இரண்டு மணி நேரம் பன்னிரண்டு உயிரின் விலை. இன்றோ வாரத்துக்கு 70 மணி உழைக்கலாமே, 90 மணி உழைக்கலாமே என்று செல்வர்கள் மேடையிலே அறிவுரை வழங்குகிறார்கள். 2023இலும் 2025இலும் கேட்டோம். தமிழ்நாட்டிலேயே 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எதிர்ப்புக் கிளம்பியதும், அது திரும்பப் பெறப்பட்டதும் அண்மைச் செய்திதான். யார் ஆட்சி என்று பார்த்து எதிர்ப்பை அளக்காத தொழிற்சங்கங்களுக்கு அந்தப் பெருமை உரியது.

கலை இதற்கு என்ன செய்தது? சென்னைக் கடற்கரையில், தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். நரம்பு தெரிகிறது, பாறை தெரிகிறது, யார் உழைக்கிறார் என்பது தெரிகிறது. கணினிமுன் அமர்ந்திருப்பவனுடைய பாறையை எந்தச் சிற்பி காட்டுவான்? காட்டுவது கடினம், ஆனால், முயன்றவர் எத்தனை பேர்?

இரண்டு திரைப்படங்களை எடுத்துக்கொள்கிறேன். ராம் இயக்கிய 'கற்றது தமிழ்' 2007இல் வந்தது. தமிழ் முதுகலை படித்து, சொற்ப ஊதியத்துக்கு ஆசிரியனாகி, மனம் சிதைந்து, கொலைகாரனாகும் பிரபாகர் கதை. தமிழ் படித்தவன் என்ற முறையில் அந்தப் படத்தை நான் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதன் சினம் உண்மையானது. புதிய பொருளாதாரம் நகரத்திலே இரண்டு சாதியைப் படைத்ததென்று அது கண்டதும் சரிதான். ஆனால், சினத்தின் முகவரி தவறிப்போயிற்று. வாடகையை ஏற்றியவன், விலையை ஏற்றியவன், வாழ்வைப் பறித்தவன் என்று அது சுட்டுவது கழுத்திலே அட்டை மாட்டிய இளைஞனை. அந்த அட்டை பட்டயம் அன்று. எந்த நொடியிலும் செயலிழக்கக்கூடிய கதவுச் சாவி. ஏழைத் தமிழாசிரியனும் பெஞ்சில் அமர்ந்த மென்பொருளாளனும் ஒரே ஏணியின் இரு படிகளில் நிற்பவர்கள். ஏணியைப் பிடித்திருப்பவன் திரையில் வரவேயில்லை.

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தது. இது மேலான படம் என்பது என் துணிபு. தியாகராய நகர்க் கடையிலே நாள் முழுதும் கால் கடுக்க நிற்கும் தென்மாவட்டத்துப் பிள்ளைகள், அடிக்கும் மேற்பார்வையாளன், காதலித்த குற்றத்துக்காகச் சந்தி சிரிக்க வைக்கப்படும் பெண். வறுமையுள்ள வீட்டுப் பிள்ளையைத்தான் தேடிப் பொறுக்கி எடுப்பார்கள், அவனுக்குத்தான் அடங்கிப்போக வேறு வழியில்லை என்ற உண்மையை அந்தப் படம் பிடித்தாற்போல் வேறெந்தப் படமும் பிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. முடிவிலே வரும் விபத்துத்தான் குறை. லாரி வந்து ஏறிவிடுகிறது; துயரம் தற்செயலாகிவிடுகிறது. முதலாளியின் கணக்கிலே இருந்த குற்றம் வண்டிச் சக்கரத்தின் தலையில் விழுகிறது. ஆயினும், படம் வந்து பதினோராண்டு கழித்து, 2021இல், கடை ஊழியர் அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் செய்தது. நின்ற கால்களை மக்கள் திரையிலே கண்ணாரக் கண்டிருந்தார்கள். படத்தால்தான் சட்டம் வந்தது என்று சொல்ல மாட்டேன். கண்டதற்காகத்தான் சட்டம் கேட்க முடியும் என்பதைச் சொல்வேன்.

கண்ணாடி மாளிகைக் கதைக்கு இந்தக் காட்சி வாய்ப்பு இல்லை. அங்கே அறை விழுவதில்லை, மின்னஞ்சல் விழுகிறது. கொடுமைக்காரன் மீசை முறுக்குவதில்லை. மன நலம் பற்றிய சொற்பொழிவுக்கு அழைப்பு அனுப்புகிறான். இதை எழுத வேறு வகையான எழுத்தாளன் வேண்டும்: கூச்சலை நம்பாதவன், படிவத்தைப் படிக்கத் தெரிந்தவன். நம் கதாசிரியர் பலர் அந்தப் பணியிலேயே இருந்தும் எழுதாதிருப்பது ஏன் என்று கேட்டேன் ஒருவரிடம். 'எழுதினால் அடுத்த தரவரிசையில் தெரியும்' என்றார். நகைச்சுவையாகத்தான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சம்பளம் நிறைய வாங்குகிறார்களே, அவர்களுக்காகவா இந்தப் பரிவு, வயலிலே கூலி இல்லாதவனை மறந்துவிட்டு? இப்படிக் கேட்கும் தோழர்கள் உண்டு. ஊதியத்தின் அளவும் வாழ்வின் உறுதியும் வேறு வேறு. ஐம்பதாயிரம் வாங்குகிறவன் கல்விக்கடனுக்கும் வீட்டுக்கடனுக்கும் நாற்பதாயிரம் கட்டுகிறான் என்றால் அவன் கையில் இருப்பது பத்தாயிரமும் பயமும். அந்தப் பயம்தான் அவனை இரவு பதினொரு மணி வரை உட்கார வைக்கிறது. அவன் அஞ்சி ஒத்துக்கொண்ட பணிநேரம், நாளை மற்றவர்க்கும் அளவுகோலாகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மென்பொருள் ஊழியரும் தொழிற்சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறுச் சட்டம் அவர்க்கும் உண்டு என்று தமிழ்நாட்டரசு 2016இலேயே ஒரு வழக்கை ஒட்டித் தெளிவுபடுத்தியது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட நாட்டிலே இது தெளிவுபடுத்த வேண்டிய செய்தியா என்பது ஒருபுறம் இருக்கட்டும். தெளிவுபடுத்தியும் சேர்ந்தவர் எத்தனை பேர்? 'நான் தொழிலாளியா? நான் பொறியாளன்' என்கிறான் தம்பி. கையால் உழைப்பவன் தாழ்ந்தவன், எழுத்தால் பிழைப்பவன் உயர்ந்தவன் என்று எவனோ எக்காலத்திலோ எழுதி வைத்த படிக்கட்டு அவன் நெஞ்சிலே அப்படியே இருக்கிறது. அதை இடிக்கத்தான் இத்தனை காலம் பேசினோம், எழுதினோம். படிக்கட்டு இடிந்ததாக எண்ணினோம். அது குளிரூட்டிய அறைக்குக் குடிபோயிருக்கிறது. திருப்பெரும்புதூரிலே சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் நின்றார்களே, எதற்காக? தங்கள் சங்கத்தின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதும் அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று. 2025 சனவரியில் பெயர் ஏறிற்று. பட்டம் பெறாத அந்தத் தோழர்கள் கற்ற இலக்கணத்தைப் பட்டம் பெற்ற தம்பிகள் இன்னும் கற்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஆட்குறைப்புக்கு அரசின் முன்னனுமதி வேண்டும் என்ற விதி, முன்பு நூறு பேர் பணிபுரியும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு இருந்தது. இப்போது முந்நூறு பேர் இருந்தால்தான். கண்ணாடி மாளிகை அந்தப் பட்டியலில் அன்றும் இல்லை. முன்னறிவிப்பும் ஆண்டுக்கு 15 நாள் இழப்பீடும் புதிய தொகுப்பிலும் இருக்கின்றன, விலக்கப்பட்டவருக்கு மட்டும்.

ஆகையால் மடலைக் காட்ட வரும் மாணவர்க்கு நான் சொல்வது இலக்கணப் பாடம்தான். அச்சிட்டு நீட்டுவதில் கையொப்பம் இடாதே. ஒருநாள் அவகாசம் கேள். அறையில் அவர்கள் சொன்னதை, சொன்னவர் பெயரோடும் நேரத்தோடும், அன்றிரவே மின்னஞ்சலாக அவர்களுக்கே எழுது. 'நான் விலகவில்லை, என்னை விலக்குவதானால் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள்' என்று அதில் ஒரு வரி சேர். அந்த மடலின் படியோடு தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போ. வேலை இழந்த நாளிலிருந்து அதற்கு முன்பு மூன்றாண்டுக் கெடு இருந்தது, இப்போது இரண்டாண்டு.